மவுஸுக்கு அடியில் அப்பாவின் வாட்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று முதல் வரியில் எழுதுவது முறை என்பார்கள். எழுதிவிட்டேன். அம்மாவுக்கு முதுகு வலி, அப்பாவுக்குக் கண்ணில் புரை, எனக்குப் பொறுமை இல்லை, மற்றபடி சுகம். உனக்கு அந்த ஆஸ்பத்திரி லேபில் ஷிப்ட் வேலையும் நேரத்துக்குச் சாப்பாடும் ஒழுங்காக நடக்கும் என்று நம்புகிறேன். கையால் கடிதம் எழுதுகிறானே, இவனுக்கு என்ன வந்தது என்று யோசிக்காதே. இந்த வீட்டில் போனில் எதையும் பேச முடியாது, எல்லோருக்கும் பாம்புக் காது. செய்தி அனுப்பினால் 'சரி' என்று ஒற்றை வார்த்தையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த வசதி கிடையாது, முழுவதும் படித்துத்தான் ஆக வேண்டும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு மணிக்கு மேல் அப்பாவைக் கூப்பிடுகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, சொன்னபடி ஐந்து தடவை கூப்பிட்டாய். அவர் எடுக்கவில்லை. 'அப்பாவுக்குப் பேச இஷ்டமில்லேன்னா விடும்மா' என்று அம்மாவிடம் சொன்னவள்தான், அன்றிலிருந்து அம்மாவின் போனில் மட்டும் பேசுகிறாய், அப்பா எங்கே என்று மறந்தும் கேட்பதில்லை. நீ கிளம்பிய அன்று அவர் ஸ்டேஷனுக்கு வராமல், கேஸ் சிலிண்டர் வரும், வீட்டில் ஆள் வேண்டும் என்று உட்கார்ந்துகொண்டது தப்புதான். சிலிண்டர் அன்றைக்கு வரவும் இல்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கும் கோபத்துக்கும் சம்பந்தமே இல்லை. முகம் பார்த்துப் பேசுவதற்கென்று நீ கொடுத்துவிட்டுப் போன லேப்டாப் அப்போது தூங்கிக்கொண்டிருந்தது. தூங்கும் லேப்டாப்பில் மணி அடிக்காது. இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு காகிதம்.

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ போன மறுநாளே அதை உட்கார்ந்து சரியாக அமைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்கு ஊர் திரும்பியவன் நான். பவர் செட்டிங்கில் இரண்டு வரிசை இருக்கும், கரண்டில் ஓடினால் எப்படி, பேட்டரியில் ஓடினால் எப்படி என்று. கரண்டில் இருந்தால் தூங்கவே கூடாது. பேட்டரியில் இருந்தால் மூன்று நிமிஷம் யாரும் தொடாவிட்டால் தூங்கிவிடலாம். ஆபீஸில் முந்நூறு மிஷினுக்கு இதை நான் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறேன். அப்பாவிடம் இரண்டே உத்தரவு: வயரைப் பிடுங்காதீர்கள், திரை இருட்டானாலும் உள்ளே விழித்துக்கொண்டுதான் இருக்கும், சும்மா சும்மா தொடாதீர்கள். முப்பத்தோரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த மனிதருக்கு இரண்டு வரி உத்தரவு தாராளமாகப் போதும். ஆனால் அம்மா ஒருத்தி இருப்பதை நான் யோசிக்கவில்லை.

ஹாலில் இருப்பது ஒரே ஒரு பிளக் பாயின்ட் என்பது உனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தைக்கவேண்டிய துணி வந்தால் லேப்டாப் வயரைப் பிடுங்கிவிட்டுத் தையல் மிஷின் வயரைச் சொருகுவாள், முடித்ததும் மறுபடி மாற்றிச் சொருகுவாள். இது போதாதென்று, தூசி படக்கூடாது என்று திரைச்சீலைத் துணியின் மிச்சத்தில் லேப்டாப்புக்கு ஓர் உறை தைத்தாள், ஓரத்தில் சுருக்கம் வைத்து. மூடி மூடினாலும் தூங்காதே என்று நான் அமைத்திருந்ததால் அது உறைக்குள்ளே விழித்துக்கொண்டே வெந்தது. ஒருநாள் தொட்டுப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணி, "இதுக்குக் காய்ச்சல்டா" என்றாள். அடுத்த வாரம் பேட்டரி மொத்தமாகக் காலி. மூன்று நிமிஷத்தில் தூங்கும் மிஷினின் பேட்டரி எப்படிக் காலியாகும்? பேட்டரிக்கு வயசாகிவிட்டது என்று முடிவு பண்ணிப் புதுசு வாங்கி அனுப்பினேன். அதுவும் நாலே நாளில் அதே மாதிரி காலி. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவனிடம் போய் ஒரு மூச்சு சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

அப்பாவோ, அவர் புத்தி எங்கே போகும், ஒரு நோட்டுப் போட்டுவிட்டார். பஸ் ஸ்டாண்டில் வருகை, புறப்பாடு, தாமதக் காரணம் என்று கோடு போட்டு எழுதுவாரே, அதே மாதிரி சொருகியது, படுத்தது, எழுந்தது, காரணம் என்று நாலு பத்தி. அதை வைத்துக்கொண்டு ஆபீஸ் நேரத்தில் எனக்குப் போன்: "வயரைச் சொருகினா தூங்குதுடா. பிடுங்கினா முழிச்சுக்குது." நான் அப்போது சர்வர் ஒன்று படுத்துவிட்ட எரிச்சலில் இருந்தேன். டீசல் ஊற்றினால் பஸ் நின்றுவிடுகிறது, காலி பண்ணினால் ஓடுகிறது என்கிற மாதிரி பேசாதீர்கள் என்றேன். நோட்டில் பக்கம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்படி ஒரு வண்டி எங்க டிப்போல இருந்துது" என்றார். அவர் சொல்வது நடக்கவே நடக்காது என்றும், எந்நேரமும் சொருகியே வைக்க வேண்டும் என்றும், இந்த விஷயத்தில் படித்தவன் நான் என்றும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு நாலு மணியிலிருந்து ஐந்து மணி தாண்டியும் அந்த இருட்டுத் திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். தொடக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேனே, தொடவில்லை. நீ அந்தப் பக்கம் ஐந்து தடவை அடித்துக்கொண்டிருந்தபோது அவர் இந்தப் பக்கம் ஒரு முழ தூரத்தில்தான் இருந்தார். இது அம்மா எனக்கு நேற்றுதான் சொன்னது. நடந்தது என்னவென்று எனக்குச் சந்தேகமே இல்லை: அம்மா தைப்பதற்காக வயரைப் பிடுங்கியிருக்கிறாள், மிஷின் பேட்டரிக்கு மாறி மூன்று நிமிஷத்தில் தூங்கிவிட்டது. கேட்டால் மறுக்கிறாள். "நீ சொன்னேன்னு உங்கப்பா என்னை எழுப்பிவிட்டு, தைக்கிறதை நிறுத்திட்டு வயரைச் சொருகச் சொன்னார்டா" என்கிறாள். அம்மாவின் ஞாபகசக்தி நமக்குத் தெரியாததா.

அதற்குப் பிறகு அப்பா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார், இனிமேல் இந்த மிஷினைத் தூங்கவே விடக்கூடாது என்று. நடைப்பயிற்சி நின்றது. பேப்பர் படிப்பதும் அதன் முன்னால், சாப்பிடுவதும் அதன் முன்னால், இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் மவுஸை ஒரு தட்டு. முந்தாநாள் நான் லீவில் வந்து ஹாலுக்குள் நுழைந்தால், மேஜையில் அவருடைய கைக்கடிகாரம் மல்லாந்து படுத்திருக்கிறது, அதன் முகத்தின் மேல் மவுஸ் உட்கார்ந்திருக்கிறது. திரையில் அம்புக்குறி நொடிக்கொரு தரம் துடிக்கிறது. மவுஸின் அடியில் இருக்கும் வெளிச்சம் நொடிமுள் நகர்வதைப் பார்க்கிறது. யாரோ கையால் நகர்த்துகிறார்கள் என்று மிஷின் நம்பிக்கொண்டு தூங்காமல் கிடக்கிறது. ஒருநாள் கை கழுவுவதற்காகக் கழற்றி வைத்தபோது தற்செயலாகக் கண்டுபிடித்தாராம். அக்கா, வேலை செய்கிற மாதிரி காட்டிக்கொள்வதற்காக இதே காரியத்துக்கு ஒரு கருவியை வாங்கி வைத்திருந்த இரண்டு பேரை நான் ஆபீஸில் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். நம் அப்பா அதைச் சொந்தமாகக் கண்டுபிடித்துவிட்டு, பேட்டன்ட் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

குளிக்கும்போதுகூடக் கழற்றாத வாட்ச் அது. இப்போது மணிக்கட்டில் வார் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. பழக்கதோஷத்தில் அந்த வெறும் இடத்தைப் பார்ப்பார், பிறகு அம்மாவிடம் மணி கேட்பார். பிரஷர் மாத்திரையை ஒருநாள் இரண்டு தடவை போட்டுக்கொண்டார். கண் டாக்டரிடம் ஒரு மணி நேரம் தாமதமாகப் போனதால், அடுத்த மாதம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நிமிஷத் தாமதத்துக்கு டிரைவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்ட மனிதர். வாட்ச்தான் வேண்டும் என்றால் அலமாரியில் இருக்கும் பழைய அலாரம் கடிகாரத்தை வைக்கலாமே என்றேன். "அது நாலு நிமிஷம் ஸ்லோடா" என்றார். மிஷினுக்கு முள் ஆடினால் போதும், சரியான மணி தேவையில்லை என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "உங்கக்கா கூப்பிடற விஷயத்துல தப்பான கடிகாரத்தை நம்பச் சொல்றியா" என்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வாய், நீயே சொல்.

நீங்களே கூப்பிட்டால் என்ன என்று கேட்டேன். அவளுக்கு ஷிப்ட் வேலை, நடுவில் தொந்தரவு ஆகும் என்றார். நீயும் இதே மாதிரி ஒரு காரணத்தை அங்கே வைத்திருப்பாய், எனக்குத் தெரியும். இருவரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். ஒருத்தர் சிலிண்டருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார், ஒருத்தி 'சரி'க்குப் பின்னால். தப்பு அம்மாவுடையதும் அப்பாவுடையதும் உன்னுடையதுமாக மூன்று பங்கு. இதில் என் நேரம்தான் வீணாகிறது. ஒரு தடவை கூப்பிடு, போதும்.

அம்மா ஆசி சொல்லச் சொன்னாள், குளிருக்கு ஏதாவது தைத்து அனுப்பட்டுமா என்றும் கேட்கச் சொன்னாள். அப்பா எதுவும் சொல்லவில்லை. நான் கடிதம் எழுதுவது தெரிந்து, பேனாவில் மை இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அதை ஆசியாக எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: கடித உறையை ஒட்டுவதற்கு முன், நான் அமைத்தது சரிதான் என்று உனக்குக் காட்ட ஒரு போட்டோ எடுத்து வைக்கலாமே என்று அந்தப் பவர் செட்டிங்கைத் திறந்தேன். வரிசை மாறிப் போயிருக்கிறது. கரண்டில் மூன்று நிமிஷம், பேட்டரியில் தூங்கவே தூங்காதே. மாற்றி வைத்தது நான்தான். வயரைச் சொருகினால் தூங்கும், பிடுங்கினால் விழிக்கும். அப்பா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. அம்மாவின் ஞாபகமும் சரி, பேட்டரியும் சரி, கடைக்காரனும் நல்லவன். மேலே எழுதியதை அடிக்கலாம் என்றால் ஐந்து பக்கம். திருப்பி எழுத எனக்குப் பொறுமை இல்லை. அப்படியே அனுப்புகிறேன்.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். எல்லா வரியிலும் காரணம் என்ற பத்தியில் 'வயர் சொருகியதால்' என்று எழுதியிருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும், '4.02 சொருகப்பட்டது, 4.05 படுத்தது, 5.10 எழுந்தது, காரணம் தெரியவில்லை.' தெரிந்துகொண்டே ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். "தெரிஞ்சா உங்கக்கா உன்னைல்ல திட்டுவா. எம்மேல கோவமா இருந்தா இருந்துட்டுப் போறா, எனக்குப் பழக்கம்" என்றார்.

எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன், இரண்டு தடவை சரிபார்த்தேன், இனி அது தூங்காது, வாட்சை எடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். "அவ கூப்பிடட்டும், அப்பறம் கட்டிக்கறேன்" என்கிறார். நான் வற்புறுத்தவில்லை, என் பேச்சைக் கேட்டு அவர் பட்டது போதும். கண் டாக்டர் வருகிற ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் கூப்பிட்டுவிடு அக்கா. அவருக்கு வாட்ச் வேண்டும்.