குண்டுச்சட்டிக்குள் சைக்கிள்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மகனுக்குப் பெண் கொடுத்தவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர அனைவரும் நலம். அங்கே தாங்களும், சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளையும், எங்கள் பெண்ணும், தங்கள் குழாய்க் கடையும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

"வர்ற ஞாயித்துக்கிழமை புதுசா ஓட்டுறவங்களுக்குன்னு ஒரு பந்தயம் இருக்கு சம்பந்தி. வீட்டுல டிவி முன்னாடி உக்காந்தே ஓட்டிடலாம். உங்க பேரையும் குடுத்துரட்டுமா?" என்று தாங்கள் தொலைபேசியில் கேட்டீர்கள். நான் "பாக்கலாம், பாக்கலாம்" என்றேன். உடனே தாங்கள் "அப்ப வர்றீங்க!" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். தங்களிடம் தொலைபேசியில் பேசி ஒரு வாக்கியத்தையாவது நான் முடித்ததாக எனக்கு நினைவில்லை. "கடிதம் எழுதுங்க, அதுலதான் யாரும் குறுக்க பேச முடியாது" என்று என் மனைவி யோசனை சொன்னாள். ஆகவே இந்தக் கடிதம். இதை முழுவதும் படித்த பிறகே தாங்கள் பதில் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில், தாங்கள் அனுப்பிய பரிசைப் பற்றிக் குறை சொல்லவே மாட்டேன். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவன் நாள் முழுதும் அடுத்தவர் ஓட்டும் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவன். அவனுக்கு உடம்பு அசைய வேண்டும் என்று டாக்டர் சொன்னதைக் காதில் வாங்கி, மறு வாரமே தங்களிடம் இருப்பதைப் போலவே ஒரு சைக்கிளையும், அதன் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அங்கே மாட்ட வேண்டிய கனத்த இரும்பு இயந்திரத்தையும் மாப்பிள்ளையிடம் கொடுத்து அனுப்பிய மனசு யாருக்கு வரும்? மாப்பிள்ளை அதைக் கூடத்தில் பொருத்தி, டிவியோடு இணைத்து, "மாமா, நீங்க இங்க மிதிச்சா டிவிக்குள்ள ஒருத்தர் ஓட்டுவார், அவர்தான் நீங்க" என்று விளக்கினார். டிவிக்குள் இருந்தவருக்குத் தொப்பை இல்லை. அது நான்தான் என்று நம்பவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. நான் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்ததைப் பார்த்து, மருந்துக் கடை வேலை முடிந்து வந்த என் மனைவி வாசலிலேயே பையோடு நின்றுவிட்டாள். "குண்டுச்சட்டிக்குள்ள குதிரை ஓட்டுறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். இப்பத்தான் கண்ணால பாக்குறேன்" என்றாள்.

ஹெல்மெட் மட்டும் இல்லை சம்பந்தி. தொழில் புத்தி எங்கே போகும்? டிவியில் சாலை வலப்பக்கம் திரும்பினால் என் வலது கை தானாக நீண்டு சைகை காட்டிவிடுகிறது. கூடத்தில் வலப்பக்கம் இருப்பது புத்தக அலமாரி. நாற்சந்தி வந்தால் நின்று இரண்டு பக்கமும் பார்க்கிறேன். ஒரு பக்கம் சமையலறை, மறுபக்கம் குளியலறை. ஒரு நாள் பின்னாலிருந்து வேகமாக வந்த ஒருவர் என் உடம்புக்குள்ளேயே புகுந்து முன்பக்கமாக வெளியே போனார். எனக்கு உயிரே போய்விட்டது. பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். பிடித்த பிரேக்குக்கும் டிவியில் ஓடிய சைக்கிளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார், நானும் போய்க்கொண்டே இருந்தேன்.

அடுத்தது எடை. உள்ளே நுழையும்போதே எடை எவ்வளவு என்று அது கேட்டது. "டிவிக்குள்ள போறதுக்கு எடை எதுக்கு, இதென்ன லிஃப்டா?" என்று முணுமுணுத்துக்கொண்டே, கல்யாணத்தின்போது இருந்த எடையைப் போட்டேன். என் மனைவி பின்னால் நின்றுகொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. "இது எந்த வருஷத்து எடை?" என்றாள். அவளே உண்மையான எடையைப் போட்டாள். அன்றிலிருந்து டிவியில் சின்ன மேடு வந்தாலும் பெடல் கல்லாய்க் கனக்கிறது. எந்த மேட்டைக் கேட்டாலும் என் எடையைச் சரியாகச் சொல்லும்.

பிறகு தாங்கள் வாங்கச் சொன்ன அந்த ஷூ. பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூ. குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்பினால் கழன்றுவிடும் என்று தாங்கள் சொன்னதை நான் உட்பக்கம் என்று நினைவில் வைத்திருந்தேன். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து கூரியர்காரர் அழைப்பு மணி அடித்தார். நான் காலை உட்பக்கம் திருப்பினேன். வரவில்லை. இன்னும் பலமாகத் திருப்பினேன். முழங்கால்தான் வந்தது. "இதோ வந்துட்டேன்!" என்று குரல் கொடுத்தேன். மிதிப்பதை நிறுத்தினால் டிவியில் இருப்பவர் விழுந்துவிடுவாரோ என்று ஒரு பயம், அதனால் மிதித்துக்கொண்டே திருப்பினேன். "வந்துட்டேன்... இதோ... வந்துக்கிட்டே இருக்கேன்..." வெளியே நின்றவருக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். உள்ளே ஒரு கிழவர் மூச்சிரைக்க வந்துகொண்டே இருக்கிறார், ஆனால் வந்து சேரவே இல்லை. அவர் பதறிப்போய் எதிர்வீட்டுப் பல் டாக்டரை எழுப்ப, அவர் எங்கள் மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவர, இருவரும் கதவைத் திறந்து பார்த்தபோது நான் ஹெல்மெட்டோடு வியர்வையில் நனைந்து, கையை நீட்டி இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன். கூரியர்காரர்தான் என் காலைப் பார்த்துவிட்டு, "சார், ஷூவ கழட்டிட்டு இறங்க வேண்டியதுதானே?" என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பார்சலே எனக்கு இல்லை, பல் டாக்டருக்கு வந்தது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பந்தயம் என்ற சொல்லைக் கேட்கும் தகுதிகூட எனக்கு வரவில்லை என்று காட்டத்தான். பந்தயமே இல்லாத, சும்மா கூட்டமாகப் போகும் சவாரி ஒன்றில் தாங்கள் என்னைச் சேர்த்துவிட்டீர்களே, அதில் நடந்தது தங்களுக்குத் தெரியாது. முகம் தெரியாத யார் யாரோ எனக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி உற்சாகப்படுத்தினார்கள். நாலு பேர் மரியாதை செய்தால் பதில் மரியாதை செய்ய வேண்டாமா? ஒவ்வொருவருக்கும் "மிக்க நன்றி ஐயா, வீட்டில் அனைவரும் நலமா?" என்று கைபேசியில் தட்டச்சு செய்துகொண்டே போனேன். நான் நிமிர்ந்து பார்த்தபோது சாலையில் யாருமே இல்லை. கூட வந்த தாங்களும் அன்று பாதியிலேயே மின்சாரம் போய் நின்றுவிட்டதாகச் சொன்னீர்கள். இதே கதி பந்தயத்தில் நேர்ந்தால்? கடைசியில் பெயர்ப் பட்டியல் போடுவார்களாமே, யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாமே! மாப்பிள்ளை பார்ப்பார். மாப்பிள்ளையின் அலுவலகம் பார்க்கும். பெண் கொடுத்த இடம் கடைசி இடம் என்று நாலு பேர் பேசினால் எங்கள் பெண் அங்கே தலைநிமிர்ந்து நடப்பது எப்படி?

இத்தனைக்கும் நடுவில்தான் தலைமையாசிரியையின் சிக்கல் வந்து சேர்ந்தது. அவர் என்னிடம் கார் பழகுகிறவர். பெரிய பள்ளிக்கூடத்தையே கட்டி ஆண்டு ஓய்வு பெற்றவர். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் தைரியம் போய்விடும். மூன்று முறை ஓட்டுநர் தேர்வுக்குப் போய் மூன்று முறையும் தேறவில்லை. எதிரே எது வந்தாலும் வண்டியை நிறுத்திவிடுகிறார், எதுவும் வராவிட்டால் ஏதாவது வரும் என்று நிறுத்திவிடுகிறார். அவர் கணவர்தான் முன்பு கார் ஓட்டியவர். கண்ணில் அறுவை சிகிச்சை நடந்து, இனிமேல் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த மனிதர் தினமும் மாலையில் கீழே இறங்கிப் போய், கார் மேல் போட்ட உறையை எடுத்து, துடைத்து, கொஞ்சநேரம் உள்ளே உட்கார்ந்துவிட்டு, திரும்ப உறையைப் போட்டுவிட்டு மேலே வந்துவிடுவாராம். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் இந்த அம்மா பழக வந்தார்.

போன புதன்கிழமை அவரோடு காரில் இருந்தபோது தாங்கள் விடாமல் அழைத்தீர்கள். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி எடுத்தேன். ஸ்பீக்கர் போடவில்லை, தங்கள் குரலுக்கு அது தேவையும் இல்லை.

"என்ன சம்பந்தி, தயாரா? பந்தயமெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. என் பின்னாடியே வாங்க, கூட்டிட்டுப் போயிடுறேன்!"

"இல்ல சம்பந்தி, எனக்குக் கொஞ்சம் பயமா..."

"பயமா! அட போங்க சம்பந்தி!" என்று தாங்கள் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள்.

தலைமையாசிரியை எஞ்சினை அணைத்தார். "யாருக்கு சார் பயம்?" என்றார்.

"எனக்குத்தாங்கம்மா" என்று விஷயத்தைச் சொன்னேன்.

"அதுல கீழ விழுந்துருவீங்களா?"

"விழ முடியாதும்மா. தரையோட ஆணி அடிச்ச மாதிரி இருக்கும்."

"யாராவது வந்து மோதிருவாங்களா?"

"மோதினாலும் உள்ள பூந்து அந்தப் பக்கம் போயிருவாங்க."

"அப்புறம் என்ன பயம்?"

"கடைசியா வந்துருவேனோன்னுதான்."

"என் சர்வீஸ்ல ஒரு வருஷம்கூடக் கடைசி ரேங்க் காலியா இருந்ததில்ல சார். யாராவது ஒரு பிள்ளை வந்து உக்காந்துதான் ஆகணும்" என்றார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "நீங்க தினமும் என்கிட்ட 'பயத்த விட்டுட்டு எடுங்கம்மா'ன்னு சொல்றீங்க. எனக்கு எதிர்ல வர்றது நிஜ லாரி சார். உங்களுக்கு வர்றது டிவி" என்றார். ஊருக்கு உபதேசம் செய்கிறவன் அன்று சீட் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டான். அவர் விடவில்லை. "நான் நாலாவது தடவை போறதா இல்ல, வண்டிய வித்துடலாம்னு அவர்கிட்ட சொல்லிடலாம்னு இருந்தேன். ஒண்ணு பண்ணலாம். ஞாயித்துக்கிழமை நீங்க ஓட்டுங்க, நானும் தேர்வுக்குப் போறேன். நீங்க ஓட்டலன்னா நான் வண்டிய விக்கிறேன்."

இது என்ன நியாயம் சம்பந்தி? வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட மாதிரி, ஒரு தொலைபேசி அழைப்பை எடுத்ததற்கு ஒரு குடும்பத்தின் கார் என் தலையில் வந்து உட்கார்ந்தது.

இரண்டு நாள் நன்றாக யோசித்தேன். பயிற்சியும் செய்து பார்த்தேன். முதல் மேட்டிலேயே முழங்கால் முறையிட்டது. ஆகவே என் முடிவை இங்கே தெளிவாக எழுதிவிடுகிறேன்: நான் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் கலந்துகொள்ளப் போவதில்லை. தங்களைப் போன்ற அனுபவசாலிகளுக்கு நடுவே நான் வந்து தங்கள் வேகத்தைக் கெடுக்கக் கூடாது. தலைமையாசிரியையிடம் திங்கட்கிழமை மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். இதில் மாற்றம் இல்லை. சைக்கிளைத் தங்களுக்கே திருப்பி அனுப்பவும் சித்தமாக இருக்கிறேன், துணி காயப்போட அதைப் பயன்படுத்துவதில் என் மனைவிக்கு ஆட்சேபம் இல்லை என்றாலும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் அன்பைச் சொல்லவும். பிள்ளைகள் இருவரும் ஒருவரை ஒருவர் குறுக்கே பேசவிட்டு வாழ வாழ்த்துகிறேன். தங்கள் கடைக் குழாய்கள் எந்த வீட்டிலும் ஒழுகாதிருக்கட்டும்.

என்றும் தங்கள் மதிப்பை விரும்பும்,
சம்பந்தி

பின்குறிப்பு: கவர் வாங்க மறந்ததால் கடிதம் மேசையிலேயே கிடந்துவிட்டது. இன்று வியாழக்கிழமை. மேலே எழுதியிருப்பதில் நலம் விசாரித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள்.

ஞாயிறு காலை நான் சட்டை பட்டனைக்கூடப் போடவில்லை, தலைமையாசிரியை கறுப்புக் கண்ணாடி போட்ட கணவரைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். "வேடிக்கை பாக்க வந்தோம்" என்றார். நான் பேர் கொடுக்கவே இல்லை என்றேன். "நான் குடுத்துட்டேன், புதன்கிழமையே" என்றாள் என் மனைவி, டீயை நீட்டிக்கொண்டே.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும், ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து தெரியாது. பந்தயம் தொடங்குமுன் எல்லார் பெயரையும் வரிசையாகக் காட்டினார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அவர் இதுவரை ஓட்டிய பந்தயங்களின் எண்ணிக்கை. தலைமையாசிரியை வருகைப் பதிவு எடுப்பதுபோல உரக்க வாசித்தார். என் பெயருக்குப் பக்கத்தில் பூஜ்யம். உங்கள் பெயருக்குப் பக்கத்திலும் பூஜ்யம்.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தேன். பூஜ்யம்தான்.

மணி அடித்ததும் எல்லாரும் பறந்துவிட்டார்கள். மேட்டில் நான் நாக்குத் தள்ளிக்கொண்டிருந்தபோது, "சார், உங்களுக்குப் பின்னாடியும் ஒருத்தர் இருக்கார்" என்றார் தலைமையாசிரியை. "உங்க சம்பந்திங்க" என்றாள் என் மனைவி. சோபாவிலிருந்து அந்தக் கணவர் முதல்முறையாக வாயைத் திறந்தார். "அப்ப மெதுவா போங்க. ஏத்தத்துல ஒருத்தரத் தனியா விட்டுட்டுப் போகக் கூடாது" என்றார். மெதுவாகப் போவதற்கு எனக்கு அதிகம் சிரமம் இருக்கவில்லை. நீங்கள் வந்து சேர்ந்தீர்கள். கடைசி வரைக்கும் பக்கத்தில் பக்கத்தில் வந்தோம். முடிவில் உங்கள் டயர் கொஞ்சம் முன்னே போயிற்று. பெண் வீட்டார் விட்டுக்கொடுத்தார்கள் என்று மாப்பிள்ளை சொன்னாராம். அப்படியெல்லாம் இல்லை, எனக்கு மூச்சு நின்றுவிட்டது. கடைசி இடம் எனக்குத்தான். இதுவரை யாரும் அதைப் பற்றி எங்கள் பெண்ணிடம் விசாரிக்கவில்லை.

தலைமையாசிரியை செவ்வாய்க்கிழமை தேர்வுக்குப் போனார். தேறிவிட்டார். அன்று மாலையே கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து எங்கள் தெருவைச் சுற்றி வந்தார். இரண்டாம் கியரைத் தாண்டவில்லை, ஆனால் எங்கேயும் நிற்கவும் இல்லை. எங்கள் வீட்டு வாசலில்கூட நிற்கவில்லை, நான் கையை ஆட்டியபடியே இருந்தேன். அந்த மனிதர் ஜன்னலை இறக்கிவிட்டு, முகத்தில் காற்றுப் பட உட்கார்ந்திருந்தார்.

பந்தயம் முடிந்த கையோடு நான் உங்களுக்குப் போன் செய்தேனே, சம்பந்தி, அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அப்புறம், "தனியாப் போகப் பயமா இருந்துச்சு சம்பந்தி, அதான் உங்களக் கூப்பிட்டேன்" என்றீர்கள். இத்தனை நாள் பழக்கத்தில் நீங்கள் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நானும் குறுக்கே பேசவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு நம் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டேன். காலையில் பயமாக இருந்தால் கூப்பிடுங்கள். எனக்கும் இருக்கும், சேர்ந்தே பயப்படலாம்.