பாதிக் கோப்பையில் ஊற்றிய சம்பந்தி

பூசான், யோங்டோ
மழை விட்ட செவ்வாய்க்கிழமை

ஃபுகுவோகாவில் வேலை பார்க்கும் என் தங்கை மகள் ஹேவோனுக்கு, தாய்மாமன் குவாக் சாங்டே எழுதுவது. இங்கு நலம். உன் நலத்துக்குத் தெய்வங்கள் காவல் நிற்கட்டும். அவர்களுக்கு வேலை அதிகமென்றால் நான் அனுப்பும் கிம்ச்சி நிற்கட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது இப்படித்தான் முடியும் என்று எனக்கு முன்பே தெரியும். நம் ஊர்ப் பெண்கள் கப்பலேறிப் போய், ஜப்பான்காரனின் சோற்றுக் குக்கரைப் பச்சைப்பிள்ளை போல இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிய காலத்திலேயே, துறைமுகத்தில் நின்று, "ஒரு நாள் அவன் இங்க வந்து நம்ம குக்கர வாங்கிட்டுப் போவான்" என்று சொன்னவன் நான். சுங்க அதிகாரிகள் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்கள். அந்த நாளும் வந்தது. தன் மகனுக்கு உன்னைப் பெண் கேட்க வந்த எகுச்சி, கப்பலை விட்டு இறங்கியதும் முதலில் வாங்கியது நம் ஊர்ப் பேசும் குக்கரைத்தான். அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. அந்த இரண்டு அங்குலம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்கிறாள் உன் அம்மா. என்றாள் என்று எழுத வேண்டும். இப்போது அவள் என்னிடம் பேசுவதில்லை.

நீயும் அங்கே இருந்தாய். ஆனாலும் மொழிபெயர்க்கும் அவசரத்தில் சரியாகக் கவனித்திருக்க மாட்டாய் என்பதால் நடந்ததைச் சொல்கிறேன். மீன் சந்தைக்குப் பின்னால் அந்த உணவகம், இந்தப் பக்கம் உன் அம்மாவும் நானும், அந்தப் பக்கம் எகுச்சியும் அவர் மகன் நாவோவும், நடுவில் நீ, பெரிய தட்டில் பச்சை மீன். நான் எகுச்சியிடம் உலக நிலவரத்தை விளக்கினேன். உங்கள் பணம் விழுந்துவிட்டது, உங்கள் பிள்ளைகள் எங்கள் பாட்டைப் பாடுகிறார்கள் என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மனிதர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் அடங்கியிருப்பேன். அதற்குப் பதிலாக அவர் புட்டியை இரண்டு கையாலும் எடுத்து, பாதி சோஜு மது இருந்த என் கோப்பையில் மேலே ஊற்றினார். நம் ஊரில் பாதிக் கோப்பையில் மேலே ஊற்றுவது செத்தவர்களுக்கு, அதுவும் படையல் நாளில்தான். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"உயிரோட உக்கார வச்சே எனக்குத் திவசம் பண்றீங்களா?" என்றேன்.

"மாமா, அவங்க ஊர்ல அது மரியாதை. கிளாஸ் குறைஞ்சா ஊத்தாம விடுறதுதான் தப்பு" என்றாய் நீ.

விஷயம் தெரிந்ததும் எகுச்சி தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் பக்கத்து மேசைக்காரர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். மீன் கொண்டுவந்த சீனத்துப் பெண், "சண்டையெல்லாம் போடுங்க பெரியவரே, ஆனா உங்க ரெண்டு பேர் செருப்பும் எங்க ஊர்ல தச்சது" என்றாள். சிரித்தார்கள். சிரிப்பை என்னால் தாங்க முடியாது என்று உனக்குத் தெரியும். அதனால்தான் எழுந்து நின்று உன் தாத்தாவின் விரலைச் சொன்னேன்: ஜப்பான்காரன் நம்மை ஆண்ட காலத்தில், எகுச்சியின் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில், களைத்து உட்கார்ந்த குற்றத்துக்காக, கண்காணி ஒருவன் சுத்தியலால் அடித்துத் தாத்தாவின் விரலை எடுத்துவிட்டான் என்று. நீ மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாய். நாவோதான் குனிந்து தந்தையிடம் சொன்னான். எகுச்சி பாயில் நெற்றி படக் குனிந்தார், எழுந்தார், மாலைக் கப்பலில் போய்விட்டார். குக்கரை மறந்துவிட்டுப் போனார்.

பிறகு நாவோ உன் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னது உனக்கும் தெரியும். "அப்பா சொல்றாரு, அந்தச் சுரங்கத்துல எங்க தாத்தாதான் கண்காணி. சுத்தியல் அவரோடதா இருக்கலாம். உங்க வீட்டுப் பொண்ண கேக்க எங்களுக்கு முகம் இல்ல." இப்போது அவர்கள் வரவில்லை, நீ என் போனை எடுப்பதில்லை, உன் அம்மா சூப்பை என் முன்னால் வைத்துவிட்டுச் சுவரைப் பார்க்கிறாள். வீட்டில் என்னோடு பேசுவது அந்தக் குக்கர் மட்டும்தான். "சோறு தயார், நன்றாகக் கிளறுங்கள்" என்கிறது. நானும் சரி என்கிறேன்.

போகட்டும். சரித்திரத்தை யாரால் மாற்ற முடியும்? உல்சான் கப்பல்கட்டும் தளத்தில் எனக்குத் தெரிந்த பையன் இருக்கிறான், கொஞ்சம் குள்ளம். யோசித்துப் பார்.

நீ குடிக்கும் நீர் இனிக்கட்டும், போகும் வழியில் எதிர்க்காற்று இல்லாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
எல்லாம் முன்கூட்டியே தெரிந்த உன் மாமன்,
சாங்டே

பி.கு. உல்சான் பையனுக்குக் கல்யாணமாகிவிட்டதாம். விடு. நான் சொல்ல வந்தது வேறு.

உன் தாத்தா ஜப்பானுக்குப் போனதே இல்லை. ஆனால் அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார், பெயர் மான்சிக். அவரைத்தான் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்தச் சுரங்கம் என்றுகூட யாரும் சொல்லவில்லை. திரும்பவில்லை. எந்தக் கதைக்கும் கண், காது, மூக்கு ஒட்டவைக்க எனக்கு வரும். இதில் மட்டும் ஒன்றும் ஒட்டவில்லை. ஒவ்வோர் அறுவடைப் பண்டிகைப் படையலிலும் உன் தாத்தா பெயர் சொல்லாமல் ஒரு கோப்பை வைத்து, அது பாதி இருக்கும்போதே மேலே ஊற்றுவார், இரண்டு கையாலும். எகுச்சி ஊற்றியபோது எனக்கு அந்தக் கைதான் தெரிந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. வேறொன்று வந்துவிட்டது.

இந்தப் படையலுக்கு எகுச்சியை அழைத்து வா. குக்கரை நான் துடைத்து வைத்திருக்கிறேன். என் பெரியப்பா மான்சிக்கின் கோப்பையைப் பாதி நிரப்பி வைக்கிறேன், எகுச்சி ஊற்றட்டும். படையலில் அது தப்பில்லை. ஆனால் அதற்கு முன்பு, இன்றைக்கே, அவர் அப்பாவின் சுத்தியலை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிடு. உன் தாத்தாவின் விரல் போனது இதே யோங்டோவில், நம் நூடுல்ஸ் கடை மாவு இயந்திரத்தில்.