சித்திரையில் மூடிய உப்பு அம்பாரம்

கூச்ச சுபாவம் உள்ளவன் தப்பு செய்தால்கூடப் பரவாயில்லை, அதை மறைக்க மட்டும் போகக் கூடாது. மரக்காணத்தில் என் உப்பளத்து மோட்டார் கொட்டகையைக் கால்வாய்ப் புறம்போக்கில் நாலடி தள்ளிக் கட்டியிருந்தேன். (நான் தள்ளவில்லை. கயிறு பிடித்தபோது அதுவாகத் தள்ளிக்கொண்டது.)

போன வருஷம் சித்திரையில், கால்வாய் ஓரம் முழுக்க டிரோன் விட்டுப் படம் எடுக்கப் போவதாகச் சேதி வந்தது. கொட்டகையை இடித்துவிட்டால் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் பாத்திக்கு உப்புத் தண்ணீர் ஏறாது, அந்த வருஷம் உப்பு கிடையாது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்திருந்த மச்சானிடம் ஓடினேன்.

"பீரங்கியையே பிளேன்ல இருந்து தெரியாம மறைச்சிருக்கோம் மாமா. சுத்தி என்ன இருக்குதோ, அது மாதிரியே ஆக்கிடணும். அவ்ளோதான்."

சுற்றி இருப்பவை உப்பு அம்பாரங்கள். மழைக்காலத்தில் அவற்றைப் பனையோலை போட்டு மூடுவோம். இரண்டு நாள் பாடுபட்டு, கொட்டகையைச் சுற்றி ஓலை சாய்த்து, உச்சியைக் கூராக்கி, அடியில் நாலு கூடை உப்பும் கொட்டினேன். (என்னைச் சேர்க்காமல் பட்டாளம் ஒரு நல்ல ஆளை இழந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.)

டிரோன் வந்தபோது ஓலைக்குள் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தேன். மூச்சு படத்தில் விழாது என்பது அப்போது தோன்றவில்லை.

நாலாம் நாள் சர்வேயர் அம்மா கையில் படத்தோடு வந்து நின்றார்.

"கால்வாய் தூர் வார்றதுக்குத்தாங்க படம் எடுத்தோம். எல்லா கொட்டாயும் கொட்டாய் மாதிரி இருக்குது. எல்லா உப்பும் வெள்ளையா இருக்குது. இது ஒண்ணுதான் என்னன்னே புரியல. கொளுத்துற வெயில்ல எதுக்கு உப்பை மூடி வச்சிருக்கீங்க?"

"மழை... வந்துட்டா?" என்றேன். வானத்தில் பஞ்சளவு மேகம்கூட இல்லை.

அவர் ஓலையை விலக்கினார். "உப்புக்குக் கதவு வச்சு பூட்டு வேற போட்டிருக்கீங்களா?"

பிறகு டேப்பை எடுத்தார். நாலடி. ஒரு வாரம் தவணை கொடுத்தார். நானே சுவரை இடித்து, உள்ளே தள்ளிக் கட்டினேன். மோட்டார் பிழைத்தது.

மச்சானிடம் போனில் புலம்பினேன். "சுத்தி இருக்கிற மாதிரின்னுதான மாமா சொன்னேன்? ஐப்பசில இருக்கிற மாதிரின்னா சொன்னேன்?"

இன்றைக்கும் வீட்டில் எது காணாமல் போனாலும் என் மனைவி பதறுவதில்லை. "எது தேவையில்லாம மூடிக் கெடக்குதுன்னு பாரு" என்று மகளை அனுப்புவாள். எனக்குச் சர்க்கரை வியாதி. போன வாரம் தையல் மெஷின் மேல் துண்டு போர்த்தி நான் வைத்திருந்த மைசூர்பாகு, அப்படித்தான் இரண்டே நிமிஷத்தில் பிடிபட்டது.