நீ மாட்டிய பெல்ட்டும் உன் அக்காவின் லைசென்ஸும்

அன்பு மச்சானுக்கு,

உன் அத்தான் ஆசையோடு எழுதுவது. இங்கே நான், உன் அக்கா, கார் மூவரும் சுகம். அங்கே நீ, உன் வீட்டுக்காரி, உன் ஸ்பேனர் பெட்டி எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போனிலேயே பேசியிருப்பேன். உன்னைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே உன் அக்கா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். பயப்படாதே, இது நன்றிக் கடிதம்தான்.

அன்றைக்கு நீ வந்து, "மெக்கானிக் எதுக்கு அத்தான், நான் எதுக்கு இருக்கேன்?" என்று டைமிங் பெல்ட்டை மாற்றிக் கொடுத்தாய் அல்லவா, நீ கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறியதும் நான் வண்டியை எடுத்தேன், கிளட்சை விட்டேனோ இல்லையோ, உள்ளேயிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். உனக்கே தெரியும், உன் அக்காவை வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸாகப் போட்டிருக்கிறார்கள், அதற்கு லைசென்ஸ் வேண்டும், அவளோ ஏற்கெனவே இரண்டு டெஸ்டில் கிளட்சைப் படக்கென்று விட்டு வண்டியை அணைத்துவிட்டு வந்தவள், இந்தத் தடவையும் கோட்டை விட்டால் வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கியடித்துவிடுவார்கள், அவள் அங்கே, நான் இங்கே. அவள் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன் மச்சான்? சண்டை போடக்கூட ஆளிருக்காதே. டெஸ்டோ வெள்ளிக்கிழமை, வண்டியோ டொக் டொக்.

எதிர்வீட்டு டெய்லர் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து, "பிஸ்டன் போச்சு சார், இன்ஜினையே இறக்கணும்" என்றார். மாடிவீட்டு லாரி டிரைவர், "பெல்ட்டு ஒரு பல்லு தள்ளி உக்காந்திருக்கும், மாட்டுனவன் சரியா மாட்டல" என்றார். "அப்பவே நெனச்சேன், உன் தம்பி..." என்று நான் ஆரம்பித்ததுதான் தாமதம், "என் தம்பி வேலையில குறை சொன்னீங்க, தெரியும் சேதி!" என்று உன் அக்கா ஸ்டெதாஸ்கோப்போடு வந்துவிட்டாள். இன்ஜினை ஓடவிட்டு மேல்மூடியில் வைத்துக் கேட்டாள். "நெஞ்சு சுத்தமா இருக்கு. பல்லு தள்ளியிருந்தா இப்படி நிதானமா ஓடுமா? சும்மா நிக்கறப்ப சத்தமே இல்ல. நீங்க கிளட்சை வெடுக்குனு விடறப்பதான் கத்துது. மனுஷனை அப்படி உலுக்குனா அவனும்தான் கத்துவான், எறங்குங்க!" என்று என்னை இறக்கிவிட்டு அவளே உட்கார்ந்துவிட்டாள்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் பின்தெருவில் இதே வேலை. உன் மானத்தைக் காப்பாற்றுகிறாளாம்! முதலில் டொக், டொக். "இது என் தப்பு, தம்பி தப்பில்ல" என்பாள். மறுபடி எடுப்பாள். தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோலக் கிளட்சை விடப் பழகினாள். வியாழக்கிழமை ஒரு டொக் இல்லை. வெள்ளிக்கிழமை பாஸ்! இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

அடுத்த நாள் வண்டியை மெக்கானிக்கிடம் காட்டினேன். உன் பெல்ட் கச்சிதமாம். ஆனால் பெல்ட்டை மாட்டுவதற்காக, இன்ஜினைத் தாங்குகிற மவுண்டிங்கைக் கழற்றினாய் பார், அதன் போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது வெறும் விரலால் திருகிவிட்டுப் போயிருக்கிறாய் மகானே! கிளட்சைப் படக்கென்று விட்டால் இன்ஜின் துள்ளி இடித்திருக்கிறது. அவர் ஒரு முறுக்கு முறுக்கினார், சத்தம் போயே போச்சு. உன் அக்காவிடம் பெல்ட் கச்சிதம் என்றதோடு நிறுத்திக்கொண்டேன். நீ மட்டும் ஒழுங்காக முறுக்கியிருந்தால் அவளுக்குக் கிளட்ச் பழகியிருக்காது, நான் இந்நேரம் தனியாகச் சோறு பொங்கிக்கொண்டிருப்பேன். உன் அரைகுறை வேலைதான் என் குடும்பத்தைக் காப்பாற்றியது. உன்னை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம், உன் இரண்டு கைகளுக்கும் தனியாக ஆசீர்வாதம்.

அன்புடன்,
அத்தான்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் உன் அக்கா என்னைக் கடைவரை ஓட்டிக்கொண்டு போனாள். இப்போதுதான் சத்தம் வருவதில்லையே, அந்தத் தைரியத்தில் கிளட்சைப் பழையபடி படக் படக்கென்று விடுகிறாள். கழுத்துச் சுளுக்கோடு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனரோடு வந்து அந்தப் போல்ட்டை மறுபடி தளர்த்திவிட்டுப் போ, உனக்குப் புண்ணியமாகப் போகும்.