கழுத்து (அ) கால்

நேற்றைய வேலை ஒன்றே ஒன்றுதான்: பித்தளைத் தகட்டில் ஒரு சிறு குதிரை செய்வது. கால், கழுத்து, வால் எல்லாம் தனித்தனித் துண்டு. ரிவிட் அடித்துக் கோத்தால் மூட்டுகள் அசையும். மாலையில் வேளச்சேரியில் என் மச்சினன் ரகுவின் புதுவீட்டு விருந்து, அவனுக்குத்தான் பரிசு.

கடையில் வாங்கிக் கொடுத்தால் ஆகாதா என்பீர்கள். ஆகாது. அவனுடைய பழைய வீட்டுக்கு நான் பரிசளித்தது, வாய்மொழிக் கதைகளின் பாடவேறுபாடுகளைப் பற்றி நானே எழுதிய நூல். அடுத்த முறை போனபோது, அது அவன் ஃப்ரிட்ஜின் ஆடும் காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது! இம்முறை அவன் கூடத்து அலமாரியில் இடம் பிடித்தே தீருவதென்று சபதம்.

தகடு வெட்ட ஆழ்வார்பேட்டை பாஷா பாயிடம் வரைபடம் கொடுத்திருந்தேன். போய்ப் பார்த்தால், ஒரு குதிரைக்கு வேண்டியதைப் போல் இரு மடங்கு துண்டுகள்!

"என்ன பாய் இது?"

"நீங்கதான சார் எழுதிக்கீறீங்க? 'நிமிர்ந்த கழுத்து (அ) வளைந்த கழுத்து.' அ-ன்னு நம்பர் போட்டுக்கீறீங்க. ஆ எங்கடான்னு தேடிக்கினே இருந்தேன்."

"(அ) என்றால் 'அல்லது', பாய்!"

"அத்த முழுசா எழுதினா கை சுளுக்கிக்குமா சார்?"

பதிப்பாசிரியப் புத்தி! எந்தப் பாடத்தையும் தள்ளாமல், (அ) போட்டு அடிக்குறிப்பில் காப்பாற்றியே வாழ்ந்தவன். குதிரையையும் அப்படியே வரைந்துவிட்டேன்.

"வேணாங்கிறத தூக்கிப் போட்டுடுங்க" என்றார் பாய்.

தூக்கிப் போடுவதா? எந்த வடிவமும் பிழையன்று என்று மேடைதோறும் முழங்குபவன் நான்! அத்தனையையும் ஒரே பையில் அள்ளிக்கொண்டு மயிலாப்பூர் திரும்பினேன்.

பையைக் கவிழ்த்தபோதுதான் வினை தெரிந்தது. எது கால், எது கழுத்து? எல்லாம் நீளம். எல்லாவற்றிலும் நுனியில் ஓர் ஓட்டை.

என் மனைவி விஜயா எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, ஒட்டகமா பண்றேள்?"

"குதிரை."

"அது குதிரைக்குத் தெரியுமோ?"

தெரியவில்லை. கடைசி ரிவிட்டை அடித்த பிறகே உற்றுப் பார்த்தேன். கழுத்திருக்க வேண்டிய இடத்தில் பின்னங்கால். பின்னங்காலிருக்க வேண்டிய இடத்தில் வளைந்த கழுத்து! ரிவிட் அடித்தால் அடித்ததுதான். திருத்திய பதிப்பெல்லாம் கிடையாது. வாசலில் ஆட்டோ வேறு வந்து ஹாரன் அடித்தது.

வேளச்சேரியில் ரகு காகிதத்தைப் பிரித்தான். "ஆஹா அத்திம்பேர்! ஒட்டகச்சிவிங்கி பிரமாதம்!"

"போங்கோ, அது ஆடுன்னா" என்றாள் அவன் மனைவி.

"டைனோசர் சார், இடுப்பப் பாருங்க!" என்றார் பக்கத்து ஃப்ளாட்காரர்.

இத்தனை பாடபேதம்! என் கை தானாகச் சட்டைப்பைப் பேனாவைத் தேடியது.

"இதுல எது சரி, அத்திம்பேர்?"

"எந்த வடிவமும் பிழையன்று" என்றேன். வேறென்ன சொல்ல?

ரகு அதைக் கூடத்து அலமாரியின் நடுத்தட்டில் நிறுத்தினான். சபதம் நிறைவேறியது! கழுத்தையே காலாக ஊன்றிய குதிரை, எங்களுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, மெல்லக் குப்புறச் சாய்ந்தது. நிமிர்த்தினான், மீண்டும் சாய்ந்தது.

"கவலைப்படாதேங்கோ. இதுக்குன்னே ஒண்ணு வெச்சிண்டிருக்கேன்" என்று சமையலறைக்கு ஓடினான்.

இப்போது அந்த அலமாரியில் எனக்கு இரண்டு இடம்: ஒன்று குதிரை, மற்றொன்று அதற்கு முட்டுக் கொடுக்கும் என் நூல்.