கரடியைத் தள்ளிவிட்ட மாப்பிள்ளை

ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். பெரியகுளத்துல இருந்து வண்டிய எடுத்துட்டு அனுமந்தன்பட்டிக்குப் போகணும். மாமனார் வீட்டுல மச்சினன் குமரேசன் கையில வெத்தலை பாக்குத் தட்டக் குடுத்து, "புதன்கிழமை பாப்பாவுக்குக் காதுகுத்து, தாய்மாமனா வந்து மடியில உக்கார வச்சுக்கங்க"ன்னு அழைக்கணும். திரும்பி வரணும்.

அவ்வளவுதான். ஒரு கூரியர்காரர் செய்யிற வேலை.

கெளம்புறப்ப எம் பொண்டாட்டி கவிதா ரெண்டு தடவ சொன்னா. "நாலரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னாடி தட்டக் குடுத்துருங்க. தம்பி கோவக்காரன். அவன் வரலைன்னா காதுகுத்தே கெடையாது, பாத்துக்கங்க."

"எனக்குத் தெரியாதா?"ன்னேன்.

தெரியும். ஆனா சின்னமனூர்ல பஜ்ஜி சூடா போட்டுக்கிட்டு இருந்தாக. நான் என்ன செய்ய முடியும்?

மாமனார் வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்துறப்ப மணி நாலு முப்பத்தாறு.

அத்தை எங்கிட்ட நேரா பேசமாட்டாக. சுவத்தப் பாத்து, "மாப்பிள்ளை காப்பி குடிக்கட்டும். ஆறு மணிக்கு மேல தட்ட வாங்கிக்கலாம்"னாக. தட்டு மேல ஒரு துண்டப் போட்டு மூடி மேசையில வச்சாச்சு.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லிறணும். அந்த வீட்டுல எனக்கு இருக்குற மரியாதை இந்த உலகத்துல வேற எங்கனயும் இல்ல. எங்க ஆபீசுல நான் பேசுனா ஃபேனப் பாப்பாக. இங்கன நான் தும்முனாக்கூட மாமா எந்திருச்சு ஜன்னலச் சாத்துவாரு. எட்டு வருசமா நான் போறப்பெல்லாம் ஒரு பாட்டுப் பாடச் சொல்லுவாக. நான் பாடுனா மாமா கண்ண மூடி அப்படியே லயிச்சுருவாரு. அந்த அளவுக்கு ரசனையான குடும்பம்.

சரி, ஒண்ணரை மணி நேரம் என்ன செய்யிறது?

குமரேசன் குமுளியில ஏலக்காய்க் கடையில வேலை பாக்குறான். போன மாசம் ஒரு கேம் பெட்டி வாங்கி டிவியில மாட்டி வச்சிருக்கான். "வாங்க மச்சான், பார்ட்டி கேம் ஆடலாம். தாயம் மாதிரித்தான். பகடைய உருட்டி நகரணும். ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு குட்டி வெளையாட்டு வரும். நாலு பேரு ஆடணும்"னான்.

மிச்ச ரெண்டு ஆளுக்கு எங்கன போக? அத்தையும் மாமாவும் உக்காந்தாக.

இருக்குறதுலயே புது கன்ட்ரோலர் எனக்கு. எனக்குச் சேவல், மாமாவுக்குக் கரடி, அத்தைக்கு வாத்து, குமரேசனுக்குத் தவளை. ஒவ்வொண்ணு தலை மேலயும் பேரு வேற மிதக்குது: மச்சான், அப்பா, அம்மா, குமரேசன்.

மொத ஆட்டம், மேல இருந்து விழுகுற பழத்தப் பொறுக்கணும். நான் பதினாலு பழம். குமரேசன் நாலு. அத்தையும் மாமாவும் ஒண்ணுமே இல்ல.

"மாப்பிள்ளைக்குக் கை என்னமா ஓடுது!"ன்னாரு மாமா.

ரெண்டாவது, பலூன் ஊதுறது. நான்தான். மூணாவது, கயிறு தாண்டுறது. நான்தான்! நாலாவதுலயும் நான்தான்!

எனக்கே ஆச்சரியமாப் போச்சு. வயசு முப்பத்தெட்டு. இதுக்கு முன்னாடி நான் ஜெயிச்சது ஒரே ஒரு லெமன் ஸ்பூன். அதுவும் மொத வந்தவன் ஸ்பூன வாயில வைக்காம கையில பிடிச்சதால. இவ்வளவு திறமைய இத்தன வருசம் வீணடிச்சிட்டமேன்னு நெசமாவே வருத்தமா இருந்துச்சு. மாமாவுக்கு ரெண்டு டிப்ஸு கூடச் சொன்னேன். "மாமா, சும்மா நின்னா எப்படி? பட்டன அமுக்கணும்ல!"

"ஆகட்டும் மாப்பிள்ளை"ன்னாரு. அப்பயும் கரடி நின்ன இடத்துலயே நிக்குது.

அஞ்சாவது ஆட்டம் வந்துச்சு. அங்கனதான் சனி உக்காந்திருந்துச்சு.

தண்ணியில மிதக்குற ஒரு பனிக்கட்டித் தட்டு. அதுல நாலு பேரு. அடுத்தவன முட்டித் தண்ணியில தள்ளணும். கடைசியா நிக்கிறவன் ஜெயிச்சான். தவளை தானா வழுக்கி விழுந்துச்சு. வாத்து ஓரமா நடந்துபோயி அதுவா எறங்கிருச்சு. நடுவுல கரடி மட்டும் அசையாம நிக்குது.

அசையாம நிக்கிற ஒருத்தர என்ன செய்யணும்? மனுசனா இருந்தா யோசிப்பான். நான் வரிசையா நாலு ஆட்டம் ஜெயிச்சவன். பின்னால போயி, ஓடியாந்து, முட்டுனேன். நகரல. திரும்ப முட்டுனேன். மூணாவது முட்டுல கரடி தலைகீழாப் போயி விழுந்துச்சு.

நான் எந்திருச்சு நின்னு, "கரடி காலி!"ன்னு கத்திட்டேன்.

அதோட விட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. அந்தக் கேம் இருக்கே, அது நடந்தத மெதுவா ஓட்டித் திரும்பக் காட்டுது. மேளச் சத்தத்தோட. மூணு தடவ! "மச்சான்"னு பேரு போட்ட சேவல், "அப்பா"ன்னு பேரு போட்ட கரடிய முட்டித் தள்ளுறது, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கத்துல இருந்து.

குமரேசன் கன்ட்ரோலரக் கீழ வச்சுட்டான்.

அத்தை சுவத்தப் பாத்து, "மணி ஆறாச்சு"ன்னாக.

நான் கை கால் கழுவிட்டு வந்து தட்ட எடுத்துக் குமரேசன் முன்னாடி நீட்டுனேன். அவன் கையக் கட்டிக்கிட்டான்.

"எங்கப்பாவ மூணு தடவ முட்டித் தள்ளுன கையி. அது நீட்டுற தட்ட நான் வாங்கணுமாக்கும்?"

"ஏப்பா, அது வெளையாட்டுதான?"

"வெளையாட்டுதான் மச்சான். அதான் நாங்க மரியாதையா வெளாண்டோம். வீட்டு மாப்பிள்ளைய எதுத்து எப்படி ஆடுறதுன்னு அப்பா பட்டனத் தொடவே இல்ல. அம்மா கன்ட்ரோலரப் பாருங்க."

பாத்தேன். பலகாரத் தட்டுப் பக்கத்துல, முறுக்கோட முறுக்கா, மொத ஆட்டத்துல இருந்து அங்கனதான் கெடந்திருக்கு. பனிக்கட்டியில மட்டும் ஒரு நிமிசம் எடுத்திருக்காக. அதுவும் தானா தண்ணியில எறங்குறதுக்கு.

"மரியாதைக்கு நின்ன மனுசனப் போயித் தள்ளிவிட்டு, 'காலி'ங்கிறீக!"

எனக்கு மூஞ்சியே செத்துப்போச்சு. மாமாவ நிமிந்து பாக்க முடியல. அவரு, "விடுறா, கரடிதான"ங்கிறாரு. அது இன்னும் வலிச்சுச்சு. மகளோட காதுகுத்து ஒரு சேவலால நின்னுபோகும்னு எந்தத் தகப்பன் நெனப்பான்?

தோட்டத்துப் பக்கம் போயி கவிதாவுக்குப் போனப் போட்டேன்.

"எங்கப்பாவத் தள்ளிவிட்டீகளா?"

"உங்கப்பா இல்லடி, கரடி."

"எங்கப்பாவக் கரடிங்கிறீகளா?"

பத்து நிமிசம் அவ பேசுனத இங்கன எழுத முடியாது. கடைசியாத் தீர்ப்பு வந்துச்சு. "அதே எடத்துல நீங்களும் விழுகணும். எங்கப்பா தள்ளணும். தம்பி கண்ணால பாக்கணும். முடிச்சிட்டு வாங்க."

ஆக, பரிகாரம் பண்ண எல்லாரும் திரும்பவும் டிவி முன்னாடி உக்காந்தோம். அதே பனிக்கட்டி.

"தள்ளுங்க மாமா"ன்னேன்.

"வீட்டு மாப்பிள்ளையத் தள்ளுறதா? என்னால ஆகாது மாப்பிள்ளை."

"சரி மாமா, நானே குதிச்சிருறேன்"னு சேவல ஓரத்துக்குக் கொண்டு போனேன். அவ்வளவுதான்! "ஆத்தாடி, மாப்பிள்ளை விழுகப் போறாரு!"ன்னு அத்தை கன்ட்ரோலரப் பாஞ்சு எடுத்தாக. என்னக் காப்பாத்த வாத்து ஓடியாந்துச்சு. வந்த வேகத்துல மொதல்ல தவளைய இடிச்சு, அப்புறம் கரடிய இடிச்சு, ரெண்டையும் தண்ணியில தள்ளி, நிக்க முடியாம அதுவும் போயி விழுந்துச்சு.

மேளம் அடிச்சுச்சு. சேவல் ஆடுச்சு. வெற்றி: மச்சான்.

குமரேசன் என்னத் திரும்பிப் பாத்தான். "இப்ப அம்மாவும் போச்சா?"

தற்கொலையக்கூட ஒழுங்காச் செய்யத் தெரியாத ஒரே சேவல் நான்தான்.

மாமாதான் தொண்டையக் கனைச்சாரு. "ஏலே குமரேசா, இப்படி ஆடுனா விடியாதுடா. மரியாதையக் கழட்டி அந்த ஆணியில மாட்டிட்டு ஒரு ஆட்டம் நெசமா ஆடுவோம். மாப்பிள்ளை சம்மதிச்சா."

நான் பெருந்தன்மையா, "தாராளமா மாமா"ன்னேன். சத்தியமாச் சொல்றேன், அந்த நிமிசத்துல நான் என்ன நெனச்சேன் தெரியுமா? ரொம்ப ஜெயிச்சிறக் கூடாது, வயசானவுக, கொஞ்சம் பாத்து ஆடணும்னு நெனச்சேன்.

மக்களே, அத்தை தெனமும் சீரியல் முடிஞ்சதும் ஒரு மணி நேரம் இதத்தான் ஆடுறாகளாம்.

நான் எந்தப் பட்டன் எதுக்குன்னு பாக்குறதுக்குள்ள வாத்து வந்துச்சு. "மாப்பிள்ளை தப்பா நெனைக்கக் கூடாது"ன்னு அத்தை சுவத்தப் பாத்துச் சொன்னாக. ஒரே மிதி. தண்ணிக்குள்ள போயிட்டேன்.

அடுத்தது பழம் பொறுக்குறது. அத்தை இருபத்தொண்ணு, நான் ஒண்ணு. அதுவும் தலையில விழுந்தது. பலூன் என் மூஞ்சியிலயே வெடிச்சுச்சு. கயிறுல கரடி என் மேல ஏறித் தாண்டுச்சு. மறுபடி பனிக்கட்டி வந்தப்ப, மாமா ஓடியாந்து முட்டுன முட்டுல சேவல் திரைய விட்டே போயிருச்சு. "சேவல் காலி!"ன்னு மாமா எந்திருச்சுட்டாரு. அப்புறம் நாக்கக் கடிச்சுக்கிட்டு உக்காந்தாரு.

குமரேசன் சிரிச்ச சிரிப்புல கண்ணுல தண்ணி. அத மட்டும் ஏழு தடவ திரும்ப ஓட்டிப் பாத்தான். அப்புறம் கையக் கழுவிட்டு வந்து, ரெண்டு கையாலயும் தட்ட வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டான்.

"புதன்கிழமை காலையில வெள்ளனவே வந்து நிப்பேன் மச்சான். பாப்பா எம் மடியிலதான் உக்காரும்."

எனக்குப் பாதி சந்தோசம்தான். பாதி அவமானம்.

செருப்பப் போடுறப்ப அத்தை வழக்கம்போல, "மாப்பிள்ளை ஒரு பாட்டுப் பாடிட்டுப் போகட்டுமே"ன்னாக.

நான் இன்னும் வாயே தெறக்கல, மாமா கண்ண மூடிட்டாரு.