வெற்றிலையில் வைத்த அட்வான்ஸ்

எழுபதுகளில் தூத்துக்குடியில் அட்வான்ஸ் அண்ணாச்சி அளவுக்குக் கார் வைத்திருந்தவர் வேறு யாரும் கிடையாது. அதில் ஒன்றைக்கூட அவர் முழுசாக வாங்கவில்லை என்பது வேறு விஷயம்.

துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் நான் குமாஸ்தா. பக்கத்து மேஜை அண்ணாச்சியுடையது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். சம்பளம் போடுகிறவரைத் தவிர யாருக்கும் அது தேவைப்படவில்லை. ஊரில் எவராவது பழைய கார் விற்கிறார் என்று காதில் விழுந்தால் போதும், மனுஷனுக்கு இருப்புக் கொள்ளாது. சாயந்தரமே போய் விலை பேசி, வெற்றிலையில் அட்வான்ஸை வைத்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். மறுநாளிலிருந்து அது 'நம்ம கார்'. மிச்சப் பணத்துக்குக் கெடு வரும்வரை தினமும் ஆபீஸ் விட்டதும் நேரே போய் அந்தக் காரில் உட்கார்ந்துகொள்வார். ஓட்டத் தெரியாது. ஹாரனை அடிப்பார், கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவுவார், இறங்கி வீட்டுக்குப் போவார். கெடு நெருங்கும்போது கார் வேண்டாம் என்று ஆகிவிடும்.

ஏன் இப்படி என்று கேட்காவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. கேட்டேன்.

"ஏலே, முழுசா வாங்கிட்டா பெட்ரோல் நாமதான போடணும்? அட்வான்ஸ் மட்டும் குடுத்திருந்தா கார் நம்ம கார், செலவு அவன் செலவு."

இன்னொரு நாள் கேட்டபோது உப்புக்காற்றைக் குறை சொன்னார். இந்த ஊரில் கார் வாங்குவதும் ஐஸ்கட்டி வாங்குவதும் ஒன்றாம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்துவிடுமாம். எது நிஜக் காரணம் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அதைவிடப் பெரிய ஆச்சரியம், அட்வான்ஸ் அவருக்குத் திரும்பி வந்ததுதான். எங்கள் பக்கத்து வழக்கப்படி, வாங்குகிறவர் பின்வாங்கினால் அட்வான்ஸ் போச்சு. விற்கிறவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தரவேண்டும். ஆகவே அண்ணாச்சி தான் பின்வாங்கவே மாட்டார். விற்கிறவரைப் பின்வாங்க வைப்பார். காரை அதன் சொந்தக்காரரிடமே புகழ்வதுதான் வித்தை.

உப்பளக்காரர் ஒருவரின் காரை அப்படிப் புகழ்ந்தபோது நான் கூட இருந்தேன். பானெட்டில் காதை வைத்து, இது இன்ஜின் சத்தமா, நாதஸ்வரமா என்று கேட்டார். அன்று காலைவரை அந்தக் காரைத் திட்டிக்கொண்டிருந்த உப்பளக்காரர், ராத்திரிக்குள் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். ஒரு வக்கீல் வீட்டில் வக்கீல் மசியவில்லை என்றதும், வக்கீலம்மா காதில் விழும்படி பின்சீட்டைப் புகழ்ந்தார். அதுவும் பலித்தது. இரட்டிப்பை மட்டும் தொடமாட்டார். கொடுத்ததை மட்டும் எண்ணி வாங்கிக்கொள்வார். அநியாயத்திலும் ஒரு நியாயம் வைத்திருந்தார் பாவி மனுஷன்.

ஒரே ஒரு தடவை சறுக்கினார். எந்தப் புகழுக்கும் அசையாத ஒரு கண்ட்ராக்டரிடம் அட்வான்ஸ் போயே போய்விட்டது. இன்னொரு தடவை போனால் பாய் தலையணையோடு அந்தக் காரிலேயே குடியிருந்துகொள்ளலாம் என்று மதினி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இந்த நிலையில்தான் காயல்பட்டினத்தில் சுலைமான் என்ற பையனின் காருக்கு அட்வான்ஸ் கொடுத்தார். அவனுடைய வாப்பா ஓட்டிய பழைய கறுப்புக் கார். அவர் மௌத்தாகி, கார் மட்டும் மிஞ்சியிருந்தது. காரை விற்றுத்தான் சுலைமான் துபாய்க்குப் போகவேண்டும். வழக்கம்போலக் கெடு நெருங்கியது, வழக்கம்போல அண்ணாச்சிக்கு வேண்டாம் என்றாகிவிட்டது. புகழ்வதற்குப் பக்கவாத்தியமாக என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

அன்று அவர் புகழ்ந்ததுபோல் நான் கேட்டதே இல்லை. கதவைத் திறந்து மூடி, அந்தச் சத்தத்தில் ஒரு மரியாதை இருக்கிறது என்றார். வாப்பாவின் கை பட்டுப் பட்டுத்தான் ஸ்டீயரிங் இப்படி மினுங்குகிறது என்றார். சுலைமான் ஸ்டீயரிங்கைத் தடவினான். கண் நிறைந்துவிட்டது.

"நான் விக்கல அண்ணாச்சி. அட்வான்ஸ ரெட்டிப்பாத் தந்துருதேன். துபாயும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

ஜெயித்துவிட்டார். நான் அடுத்த பஸ்ஸைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். அப்போது வாசல் திரைக்குப் பின்னாலிருந்து அவன் உம்மாவின் குரல் கேட்டது.

"அப்பம் கல்யாணத்துக்கு நிக்கிற ரெண்டு குமரையும் நான் எங்கன கொண்டு கரை சேக்க?"

அண்ணாச்சியின் கை பானெட்டிலேயே நின்றுவிட்டது. திரையைப் பார்த்தார், காரைப் பார்த்தார். திடீரென்று குனிந்து காருக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"தம்பி, இவ்வளவு நேரம் நான் சொன்னது பூராப் பொய்யி. அடித்தகடு உப்புல அரிச்சுப் போச்சு. இது காரே இல்ல, தகரம். நான் ஏமாந்தவன், வாங்கிக்கிடுதேன். நீரு துபாய்க்குப் போயிட்டு வாரும்."

அடுத்த வாரமே மிச்சப் பணத்தைக் கொடுத்துக் காரை எடுத்தார். ஒரு டிரைவரை அமர்த்தி ஊருக்குக் கொண்டுவந்தோம். அடித்தகட்டைப் பற்றி அவர் பொய்யாகச் சொன்னது அத்தனையும் வழியிலேயே மெய்யானது. முக்காணிப் பாலத்தில் அடித்தகட்டில் பாதி கழன்று விழுந்தது. அண்ணாச்சியும் நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினோம். "நல்லாச் சொன்னீரு அண்ணாச்சி" என்று நான் திட்ட, அவர் சிரித்துச் சிரித்துத் தள்ளுவதை விட்டுவிட்டார்.

அதன்பிறகு அவர் வேறு எந்தக் காருக்கும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. தகட்டை மாற்றினார், காரைப் படுதா போட்டு மூடினார், உப்பு ஏறாமலிருக்க நல்ல தண்ணீரில் கழுவினார். குழாயடியில் மதினி சண்டைபோட்டுப் பிடித்த குடிதண்ணீர் அது. வீட்டில் ரசம் வைக்கத் தண்ணீர் இல்லை, காருக்குக் குளியல் என்று தெருவே கேட்க வசவு விழும். ஓட்டத் தெரியாத காருக்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். படுதாவின் முனையை இழுத்துக் கட்டினார்.

பதில் சுலைமானோடு வந்தது. இரண்டு தங்கைகளுக்கும் நிக்காஹ் முடித்துவிட்டு, ஒரு லீவில் அவன் வந்து நின்றான். அண்ணாச்சி படுதாவை விலக்கினார். காரைப் பார்த்தவன் கதவைத் திறந்து ஸ்டீயரிங்கைத் தடவினான். அப்புறம், என்ன விலையானாலும் சரி, திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றான். அண்ணாச்சி மதினியிடம் ஒரு வெற்றிலை வாங்கி அவன் முன்னால் நீட்டினார்.

"அட்வான்ஸ் மட்டும் குடும். மிச்சத்தப் பொறவு பாத்துக்கிடலாம்."

காரை அன்றைக்கே கொடுத்துவிட்டார், மிச்சத்தை மட்டும் அவர் வாங்கவே இல்லை. சுலைமான் ஒவ்வொரு லீவிலும் பணத்தோடு வருவான். கெடு இன்னும் வரவில்லை என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். இன்றைக்கும் யாராவது பழைய கார் விற்கப்போவதாகச் சொன்னால், பானெட்டில் காதை வைத்துக்கொண்டு அவர் நிற்கிறாரா என்று ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.